கேஸ் போடறதுக்கு முன்னாடி: டெல்டா வெயில்ல கார் ஏசி ஏன் திணறுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான் பேசப் போறோம். "ஏசி கூலிங் இல்லையா? கேஸ் இறங்கியிருக்கும், கேஸ் போட்டுடலாம்." கார் வச்சிருக்கிற எல்லாரும் இதைக் கேட்டிருப்பீங்க. காரே இல்லாதவங்களும் கேட்டிருப்பீங்க.

இந்த வாக்கியத்துல ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கு. கேஸ் என்னமோ பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போற பொருள்னு அது நம்மள நம்ப வைக்குது. ஆனா கார் ஏசி ஒரு மூடின சுற்று. உள்ள இருக்கிற கேஸ் எரியாது, கரையாது. திரும்பத் திரும்ப அதே கேஸ்தான் சுத்துது. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். சீல், ஹோஸ் வழியா வருஷக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியறது இயல்புதான். ஆனா வருஷா வருஷம் போடணும்னா அது சர்வீஸ் இல்ல, லீக்கை விட்டுட்டு வாளியில தண்ணி ஊத்துற வேலை.

கேஸ் குறையவே இல்லாமலும் கூலிங் குறையலாம். தஞ்சாவூர்ப் பக்கம், டெல்டாவுல, அதுக்குன்னே சில காரணங்கள் இருக்கு. அதுக்குத்தான் இந்த எபிசோடு.

ஏசியோட முதல் வேலை குளிர்ச்சி இல்ல

கொஞ்சம் பின்னாடி போவோம். 1902-ல நியூயார்க்கோட புரூக்ளின் பகுதியில ஒரு அச்சகம். காத்துல ஈரம் ஏறி இறங்கினா காகிதமும் விரிஞ்சு சுருங்கும், கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காராது. அந்தப் பிரச்சினைக்காகத்தான் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைச்சார். அதாவது ஏசியோட முதல் வேலை ஈரத்தை எடுக்கறது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொண்டு போனா முதல்ல ஈரப்பதம்தான் பார்ப்பாங்க. 17 சதவீதம்னு ஒரு வரம்பு. மழை வந்த வருஷங்கள்ல அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்காத சீசனே இல்ல. காத்துல இருக்கிற ஈரம் அந்த அளவுக்கு இங்க ஒரு ஆள் மாதிரி, எல்லா இடத்துலயும் வந்து நிக்கும். உங்க கார் ஏசிக்குள்ளயும்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். நாகப்பட்டினம் பக்கம் கோடையில இது அதிசயமில்ல. அந்தக் காத்துல ஒரு கன மீட்டரை எடுத்து 10 டிகிரிக்குக் கொண்டு வரணும்னா, காத்தைக் குளிர்விக்க மட்டும் ஏறக்குறைய 29 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்கணும். அதே நேரத்துல அந்தக் காத்துல இருந்து சுமார் 14 கிராம் தண்ணி வடியும். அந்தத் தண்ணியை ஆவியிலிருந்து நீராக்க இன்னொரு 35 கிலோஜூல் போகும். புரியுதா? ஏசியோட உழைப்புல பாதிக்கு மேல உங்களைக் குளிர்விக்கப் போகல, தண்ணியைப் பிழியறதுக்குப் போகுது.

அதனால ஓசூர்ல நல்லா இருக்கிற அதே கார் நாகூர்ல டல்லா தெரிஞ்சா, கார்ல கோளாறுன்னு உடனே முடிவு பண்ண வேண்டாம். முதல்ல ரீசர்க்குலேஷன் பட்டனைப் பாருங்க, கார் படத்துக்குள்ள வளைஞ்ச அம்புக்குறி போட்டிருக்குமே, அது. அது ஆஃப்ல இருந்தா ஏசி வெளியே இருக்கிற ஈரக் காத்தை நிறுத்தாம புதுசு புதுசா பிழிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆன் பண்ணினா, ஏற்கெனவே காய்ஞ்ச காத்தை மறுபடி குளிர்விக்கும். காருக்கடியில சொட்டுச் சொட்டா தண்ணி விழுதுன்னா பயப்படாதீங்க, அது நல்ல சகுனம். விழ வேண்டிய தண்ணி விழாம முன் சீட்டுக் கால்மிதி நனைஞ்சா, டிரெய்ன் குழாய் அடைச்சிருக்கு.

முதல்ல கேள்வி, அப்புறம்தான் ஸ்பேனர்

என் வேலை சாஃப்ட்வேர். யாராவது "ஆப் வேலை செய்யல"ன்னு டிக்கெட் போட்டா நாங்க உடனே கோடைத் திறக்க மாட்டோம். எப்போ, எந்த ஸ்கிரீன்ல, ஒவ்வொரு தடவையுமா, சில நேரம் மட்டுமான்னு கேட்போம். "கூலிங் இல்ல"ங்கறதும் அந்த மாதிரி ஒரு டிக்கெட்தான். நாலு கேள்வி கேட்டா பாதி வேலை முடிஞ்சது.

ஒண்ணு: காத்தே குறைவா வருதா, இல்ல காத்து நல்லா வந்து சூடா வருதா? காத்தே குறைவுன்னா கேஸைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். கேபின் ஃபில்டரைப் பாருங்க. பெரும்பாலான கார்ல டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடி இருக்கும், கையாலயே கழட்டலாம். சில அடிப்படை மாடல்கள்ல ஃபில்டரே வச்சுத் தர மாட்டாங்க. அப்போ தூசு நேரா உள்ள போய் எவாப்பரேட்டர் மேல படியும்.

ரெண்டு: ஆரம்பத்துல ஜில்லுன்னு இருந்து, ஒரு மணி நேரப் பயணத்துல காத்து மெதுவா குறையுதா? ஏசியை ஆஃப் பண்ணி ஃபேனை மட்டும் பத்து நிமிஷம் ஓட விட்டா மறுபடி சரியாகுதா? அப்படின்னா எவாப்பரேட்டர் மேல ஐஸ் கட்டுது. அங்க இருக்கிற வெப்பநிலை சென்சர், அடைச்ச ஃபில்டர், குறைஞ்ச கேஸ், இந்த மூணுல ஏதோ ஒண்ணு.

மூணு: ஓடும்போது நல்லா இருந்து நிக்கும்போது மட்டும் சூடாகுதா? இது டெல்டாவோட ஸ்பெஷல். இதுக்குத் தனியா வரேன்.

நாலு: ஒரு பக்க வென்ட்ல ஜில், இன்னொரு பக்கம் வெதுவெதுப்பா? கேஸ் குறைவா இருக்கலாம். சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்கிற சின்னக் கதவு டேஷ்போர்டுக்குள்ள மாட்டிக்கிட்டும் இருக்கலாம்.

இதுக்கெல்லாம் ஒரே ஒரு கருவி வாங்குங்க. சமையலுக்கு விக்கிற ஊசி தெர்மாமீட்டர். நடு வென்ட்ல செருகி, ரீசர்க்குலேஷன் ஆன் பண்ணி, பத்து நிமிஷம் ஓட்டிட்டுப் பாருங்க. வெளியே 37, 38 இருக்கிற நாள்ல ஓடும்போது 8-லேர்ந்து 12 டிகிரி வரைக்கும் வந்தா ஏறக்குறைய சரி. நிக்கும்போது ரெண்டு மூணு டிகிரி ஏறும். "நேத்தைவிட இன்னைக்குக் கம்மி"ன்னு உடம்பு சொல்றதை நம்பாதீங்க. நம்பரைக் குறிச்சு வைங்க.

ஒன்பது கோயில், ஒரு டாக்ஸி

இப்போ அந்த மூணாவது கேள்வி. எங்க சித்தப்பா தஞ்சாவூர்ல டாக்ஸி ஓட்டுறார். முக்கியமான வருமானம் நவக்கிரக ட்ரிப். சென்னையிலேர்ந்தோ பெங்களூர்லேர்ந்தோ குடும்பமா வருவாங்க, பெரும்பாலும் வயசானவங்க. திங்களூர்ல ஆரம்பிச்சு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியா திருநள்ளாறு. ஒன்பதையும் ஒரே நாள்ல முடிக்கணும். ரோடு பூரா கிராமச் சாலை. நின்னு நின்னு போகணும், கோயில் வாசல்ல காத்திருக்கணும். வேகம் நாற்பதைத் தாண்டறதே அபூர்வம்.

போன வருஷம் கோடையில அவருக்கு ஏசி படுத்த ஆரம்பிச்சது. மார்ச்ல ஒரு கடையில கேஸ் போட்டாங்க. ஏப்ரல்ல மறுபடி போட்டாங்க. காலைல நல்லா இருக்கும், மதியம் கும்பகோணம் தாண்டறதுக்குள்ள பழைய கதை. ஒரு பாட்டியம்மா மயக்கம் வர மாதிரி இருக்குன்னு பாதி வழியில ட்ரிப்பை முடிச்சுக்கிட்டாங்க. மூணாவது தடவை கடைக்குப் போனப்போ, "கம்ப்ரஸர் போச்சு, 26,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. கார் லோன் இன்னும் ஒண்ணரை வருஷம் பாக்கி.

எனக்கு போன் பண்ணினார். "தம்பி, மாத்திடட்டுமாடா? சீசன் போயிட்டிருக்கு." நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "சித்தப்பா, வல்லம் பைபாஸ்ல எண்பதுல போனீங்கன்னா எப்படி இருக்கு?" அவர் உடனே சொன்னார், "அப்போ என்னமோ நல்லாத்தாண்டா இருக்கு."

இதுதான் துப்பு. ஏன்னு பார்ப்போம்.

காருக்குள்ள எடுத்த வெப்பத்தை எங்கேயாவது கொண்டு போய்க் கொட்டணும் இல்லையா? அந்தக் குப்பைமேடுதான் கண்டென்சர். முன் பம்பருக்குப் பின்னாடி, ரேடியேட்டருக்கு முன்னாடி, வலை மாதிரி மெல்லிய தகடுகளோட நிக்கும். கார் வேகமா போனா காத்து தானா அதுக்குள்ள புகுந்து போகும். நின்னா ஃபேன்தான் இழுக்கணும். ஓடும்போது சரி, நின்னா சூடுன்னா, சந்தேகம் காத்தோட்டத்து மேல. ஃபேன் பழுதா இருக்கணும், இல்ல கண்டென்சர் அடைச்சிருக்கணும்.

அந்த வார இறுதியில ஊருக்குப் போனேன். மதியம் ரெண்டு மணி, வெளியே 37 டிகிரி. கார் நின்ன இடத்துல ஓடுது. ஏசி போட்டா ஃபேன் சுத்துது, அது ஓகே. வென்ட்ல 19 டிகிரி. ஒரு குடம் தண்ணியை எடுத்து, பம்பர் கிரில் வழியா கண்டென்சர் மேல மெதுவா ஊத்தினோம். ரெண்டு நிமிஷத்துல 13-க்கு இறங்கிடுச்சு. தண்ணி காய்ஞ்சதும் மறுபடி ஏறிடுச்சு. கம்ப்ரஸர் செத்திருந்தா ஒரு குடம் தண்ணி அதை உயிர்ப்பிக்காது.

பக்கத்துல இன்னொரு ஏசி மெக்கானிக். அவரோட பட்டறையில பம்பரைக் கழட்டினோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருந்ததைப் பார்த்து மூணு பேரும் சிரிச்சிட்டோம். வைக்கோல் துணுக்கு, பதர், சுணை, மேல மண், அதுக்கு மேல செத்த பூச்சி, எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு போர்வை. "ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகும்டா"ன்னார் சித்தப்பா.

தையிலயும் மாசியிலயும் சம்பா, தாளடி அறுப்பு. அறுப்பு மெஷின் ஓடற வயலை ஒட்டின ரோட்டுல போனா கண்ணுல சுணை விழும். ரோட்டோட ஒரு பாதியில நெல்லு காயும், மத்தப் பாதியில நாம போவோம். முன்னாடி வைக்கோல் கட்டு ஏத்தின டிராக்டர். இதையெல்லாம் தினமும் வடிகட்டுறது உங்க கண்டென்சர்தான். தை மாசம் குளிர்ல யாருக்கும் தெரியாது. சித்திரை வந்ததும் கணக்கு வரும். குறுவை அறுப்பு முடிஞ்சா ஐப்பசியிலயும் இதே கதைதான், ஆனா அப்போ மழை வந்து காப்பாத்திடும்.

ப்ரெஷர்ங்கறது வெப்பநிலையோட இன்னொரு பேர்

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். கழுவறதுக்கு முன்னாடி அந்த மெக்கானிக் கேஜ் மாட்டினார். லோ சைடு, ஹை சைடுன்னு ரெண்டு முள்ளு. நம்ம ஊர்ல ஓடற கார்கள்ல பெரும்பாலும் ஆர்-134ஏ கேஸ். அது ஆவியும் திரவமுமா கலந்து இருக்கிற இடத்துல ப்ரெஷரைப் பார்த்தா வெப்பநிலையைச் சொல்லிடலாம். 30 பிஎஸ்ஐன்னா ஏறக்குறைய 1 டிகிரி. 230 பிஎஸ்ஐன்னா ஏறக்குறைய 60 டிகிரி. வெளியே 37 இருக்கும்போது கண்டென்சர் 60-ல இருந்தா, வெப்பம் வசதியா வெளியே போகும்.

சித்தப்பா கார்ல ஹை சைடு 320. அப்படின்னா 70 டிகிரிக்கும் மேல. லோ சைடும் இருக்க வேண்டியதைவிட அதிகம். ரெண்டும் அதிகம்னா அர்த்தம் என்ன? வெப்பம் வெளியே போகல, இல்ல கேஸ் அளவுக்கு மீறி இருக்கு. இங்க ரெண்டும் உண்மை. ரெகவரி மெஷின்ல கேஸை உறிஞ்சி எடை பார்த்தப்போ 560 கிராம் வந்தது. பானட்டுக்குக் கீழ ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல 400 கிராம்னு போட்டிருக்கு. லீக்கே இல்லாத கார்ல ரெண்டு தடவை கேஸ் ஏத்தியிருக்காங்க.

கம்ப்ரஸர் விஷயம் இங்கேயே முடிஞ்சிடுச்சு. கம்ப்ரஸர் தேய்ஞ்சு போனா லோ சைடு ஏறும், ஹை சைடு இறங்கும், ரெண்டு முள்ளும் ஒண்ணை ஒண்ணு நோக்கி வரும். 320 வரைக்கும் அழுத்துற கம்ப்ரஸரைப் பலவீனம்னு சொல்றது, மூட்டையைத் தூக்கி நிக்கிறவரைப் பார்த்து நோஞ்சான்னு சொல்ற மாதிரி.

மத்த ரெண்டு நிலைமையையும் சொல்லிடறேன், உபயோகமா இருக்கும். ரெண்டு முள்ளும் குறைவா இருந்தா கேஸ் குறைவு, லீக் தேடணும். லோ சைடு ரொம்பக் கீழ, பூஜ்யம் வரைக்கும் இறங்கினா, எக்ஸ்பேன்ஷன் வால்வு பக்கம் அடைப்பு.

இன்னொரு முக்கியமான விஷயம். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கேஜ் மாட்டி, "பாருங்க, ப்ரெஷர் ஓகே, கேஸ் ஃபுல்லா இருக்கு"ன்னு சொன்னா நம்பாதீங்க. உள்ள கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கிற வரைக்கும், 30 டிகிரியில அந்த ப்ரெஷர் 97 பிஎஸ்ஐ பக்கம்தான் காட்டும். 400 கிராம் இருந்தாலும் அதேதான், 200 கிராம் இருந்தாலும் அதேதான். வீட்டு சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம்னு பார்க்க ஆட்டிப் பார்த்துத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா? அந்த மாதிரி, எவ்வளவு இருக்குன்னு தெரிய எடைதான் போடணும்.

கடைசியா என்ன நடந்தது? கண்டென்சரைப் பின்பக்கத்துலேர்ந்து முன்பக்கமா, மெதுவான தண்ணியில கழுவினாங்க. ஹை ப்ரெஷர் வாஷ் வேண்டாம், தகடு வளைஞ்சுட்டா அதுவே புது அடைப்பு. அரை மணி நேரம் வேக்குவம், அப்புறம் எடை போட்டு 400 கிராம். ஹை சைடு 230. நின்ன இடத்துல வென்ட்ல 12. மொத்த பில் 2,400 ரூபாய். மறுநாள் காலைல சித்தப்பா ஒன்பது கோயில் ட்ரிப் போயிட்டார்.

கடையில என்ன கேட்கணும்?

எல்லாரும் கேஜ் வாங்க வேண்டாம். கேஸ் பக்கம் நீங்களே கை வைக்கவும் வேண்டாம். அது கண்ணுல பட்டா உறைஞ்சிடும். ஆனா நாலு விஷயம் கேட்கலாம்.

"கேஸ் குறைவுன்னா எங்க லீக்?" சோப்புத் தண்ணி, யூவி டை, நைட்ரஜன் ப்ரெஷர், எதுல பார்த்தாங்கன்னு கேளுங்க.

"பழைய கேஸை எடுத்தப்போ எத்தனை கிராம் வந்தது? புதுசா எத்தனை கிராம் போடறீங்க?" பில்லுல கிராம் கணக்கு எழுதச் சொல்லுங்க.

"ரெண்டு சைடு ரீடிங் என்ன?" கம்ப்ரஸர் மாத்தணும்னு சொன்னா இந்தக் கேள்வி கட்டாயம். போட்டோ எடுத்துக்கோங்க, இன்னொருத்தர் கிட்ட காட்டலாம்.

"பழைய கேஸை வெளியே விடறீங்களா, மெஷின்ல பிடிக்கறீங்களா?" ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனா ஒரு கிலோ வெளியே போனா நூறு வருஷக் கணக்குல 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்னு கிகாலி ஒப்பந்தத்துல கணக்கு வச்சிருக்காங்க. 400 கிராமை "உஸ்ஸ்"னு விட்டா அரை டன்னுக்கு மேல. கடல் ஏறினா முதல்ல உப்பாகிற வயல் எதுன்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நீங்களே செய்யக்கூடியதும் இருக்கு. அறுப்பு சீசன் முடிஞ்சதும், மார்ச்சுக்குள்ள, கண்டென்சரைக் கழுவச் சொல்லுங்க, கேபின் ஃபில்டரை மாத்துங்க. அறுப்பு முடிஞ்ச வயல்லேர்ந்து எலி வீட்டுப் பக்கம் வரும். காத்து உள்ள போற வழியில கூடு கட்டும், கம்ப்ரஸர் ஒயரைக் கடிக்கும். வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கு, காருக்கு யாரும் கிட்டி வைக்க மாட்டாங்க. அதனால பல நாள் நிறுத்தி வச்ச காரை எடுக்கும்போது பானட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்க.

இது டிரைவர்களுக்கு. ஏசி சரியாயிடுச்சுன்னு கோயில் வாசல்ல கண்ணாடியை ஏத்திட்டு, இன்ஜினை ஓட விட்டுத் தூங்காதீங்க. சைலன்சர்லயோ பைப்லயோ சின்ன ஓட்டை இருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். வாசனை இருக்காது, எழுப்பாது. நிழல்ல நிறுத்தி, கண்ணாடியை இறக்கிட்டுத் தூங்குங்க.

2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகிற நடுத்தர, கனரக லாரிகள்ல டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம்னு மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு. நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு இதே சுணைக்குள்ள ஓடப் போற லாரிகளும் அதுல இருக்கும். ஏசி ரிப்பேர் இனிமே வசதியானவங்க பிரச்சினை மட்டும் இல்ல, ஒரு நாள் கூலியோட பிரச்சினை. அதனால இந்த எபிசோடை உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு டிரைவருக்கு அனுப்புங்க. கேட்க நேரமில்லைன்னா, அவர்கிட்ட ஒரு வரி மட்டும் சொல்லுங்க: கேஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாருங்க.

அடுத்த வாரம் கார் பேட்டரி. கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வரட்டுமா!